முதுகுவலியோடு வேலைக்குத் திரும்புவதா? கொக்குவிலில் செய்வித்த கதிரை பற்றி

யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய தச்சுப் பட்டறையில் நான் செய்வித்த கதிரையைப் பற்றி எழுதுகிறேன். கதிரையோடு ஒரு கால்பலகையும், பேரேட்டை வைத்து எழுத ஒரு சாய்வுப் பலகையும் செய்வித்தேன். பட்டறைக்காரர் தம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் மருமகனும் மட்டுமே வேலை செய்கிறார்கள். கூட்டம் வந்தால் அளவெடுக்க நேரம் கிடைக்காது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். தேவைப்படுபவர்கள் கொக்குவில் சந்திப் பக்கம் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கதிரை என் வலியைக் குறைக்கவில்லை. கதிரை வாங்கினால் முதுகுவலி போய்விடும் என்று எதிர்பார்த்து இதை வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் வேலைக்குத் திரும்புவதா, வேலையை விட்டுவிடுவதா என்று மாதக்கணக்காக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை தேட, இதைப்போல வேறு எதுவும் எனக்கு உதவவில்லை.

யாழ் நகரில் கட்டடப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் நான் கணக்கெழுதுபவள். சீமெந்து, கம்பி, பெயின்ட், குழாய் என்று வருவதும் போவதும் என் பேரேட்டைத் தாண்டித்தான் போகும். எனக்கு இடுப்புப் பகுதியில், எல் 4, எல் 5 என்னும் முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருக்கும் வட்டு பிதுங்கி, வலி இடது காலின் பின்புறம் வழியாகப் பாதம்வரை இறங்கியது. காலில் இறங்கிய வலி பெருமளவு அடங்கிவிட்டது. இடுப்பு வலி அடங்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே மருத்துவத்தில் நீடித்த வலி என்கிறார்கள். எனக்கு அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு முறையின் 11ஆவது பதிப்பு 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்தபோது நீடித்த வலிக்குத் தனியிடம் கொடுக்கப்பட்டது. வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமன்றி, தன்னளவிலேயே ஒரு நோயாக அது இருக்க முடியும் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை, 'படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லையே, ஏன் இன்னும் நோகிறது?' என்ற கேள்வியை எதிர்கொண்டவர்கள் அறிவார்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டுத் தேய்மானம் என்று அறிக்கையில் கண்டதும் நான் நடுங்கிப்போனேன். இனிக் குனியவே கூடாது, இருக்கவே கூடாது என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கிளினிக்கில் பார்த்த பிசியோதெரபி உத்தியோகத்தர்தான் பொறுமையாக விளக்கினார். முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியான தொகுப்பில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. படத்தில் தெரிவதும் உடம்பில் உணர்வதும் ஒன்றுக்கொன்று நேர் அளவில் இருப்பதில்லை. நீண்ட நாள் வலித்த உடம்பில் நரம்பு மண்டலம் சிறு தூண்டலையும் பெரிதாக உணரப் பழகிவிடுகிறது. நோகிறது என்பதற்காக ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று கொள்ளத் தேவையில்லை. இது புரியாத வரையில் வேலையைப் பற்றி என்னால் யோசிக்கவே முடியவில்லை.

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சுகமாகிவிட்டதா?" முதலாளி நல்ல மனிதர். "நீர் எப்போது வருவீர், பிள்ளை? அதைச் சொன்னால் போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் புத்தகத்தை அவருடைய மகன் இரவிரவாக எழுதிக்கொண்டிருந்தார். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி எனக்குள்ள வருடாந்த லீவு 14 நாள், சுகவீனத்துக்கும் சொந்தக் காரியங்களுக்கும் சேர்த்து 7 நாள். என்னைப் போன்றவர்களுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? லீவு முடிந்து சம்பளமில்லாமல்தான் வீட்டில் இருந்தேன். கனடாவில் இருக்கும் தம்பி மாதம் தவறாமல் அனுப்பினான். "அவன் அனுப்புகிறான்தானே, ஏன் உடம்பை வருத்துகிறாய்?" என்றார் அம்மா. எனக்குக் கணக்கு வேலை பிடிக்கும். மாதக் கடைசியில் இரு பக்கமும் ஒரு சதம் பிசகாமல் சமப்படும்போது வரும் நிறைவை எனக்கு வேறு எதுவும் தருவதில்லை. என் உழைப்பில் வரும் பணம் என் கையில் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. வலி வந்தவள் இவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கதிரைக்கு வருகிறேன்.

பட்டறைக்குப் போவதற்கு முன், நகரில் ஒரு தளபாடக் கடையில் 'முதுகுவலிக்கு உகந்தது' என்ற அட்டை தொங்கிய சுழல் கதிரை ஒன்றை வாங்கியிருந்தேன். வலை போன்ற சாய்வும் தலையணையும் சக்கரங்களுமாகப் பார்க்க அழகாக இருந்தது. என் உயரம் ஐந்து அடி. அந்தக் கதிரையின் இருக்கை முன்பின்னாக 19 அங்குலம். முதுகு சாய்வில் படும்படி உள்ளே தள்ளி இருந்தால் இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தியது. விளிம்பை விட்டு முன்னே வந்தால் முதுகு அந்தரத்தில் நின்றது. மேசைக்கு ஏற்ற உயரத்துக்கு ஏற்றினால் கால் நிலத்தைத் தொடவில்லை. சீமெந்துத் தரையில் சக்கரம் வழுக்கியது. வழுக்காமல் பிடிக்க என்னை அறியாமலே தொடையை இறுக்கிக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் அதன் காற்றுக் குழாய் பழுதாகி, இருந்த சிறிது நேரத்தில் தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. திருத்தித் தரும்படி கேட்டதற்கு, உத்தரவாதத்தில் அந்தப் பாகம் அடங்காது என்றார்கள். நெடிய ஒருவருக்கு அது நல்ல கதிரையாக இருக்கக்கூடும். எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் என்னளவு உயரந்தான். எங்களுக்காக யாரும் அளவெடுத்ததாகத் தெரியவில்லை.

கொக்குவில் பட்டறையில் ஒரு பழைய கருவியைக் கண்டேன். நான்கு கால்களிலும் அங்குலத்துக்கு ஒரு துளை வைத்த மரச்சட்டம். துளைகளில் ஆப்பைச் செருகி இருக்கைப் பலகையை ஏற்றலாம், இறக்கலாம். முதுகு சாயும் பலகையை முன்னே கொண்டுவரலாம், பின்னே தள்ளலாம். பட்டறைக்கார ஐயா போர்க்காலத்தில் ஊன்றுகோல்கள் செய்து கொடுத்தவர். ஒருவரின் கக்கத்தையும் உள்ளங்கையையும் அளக்காமல் ஊன்றுகோல் வெட்டினால் தோளில் புண் வரும். அங்கிருந்துதான் ஆளை அளந்துவிட்டு மரத்தை வெட்டும் பழக்கம் வந்தது என்றார். என்னை அந்தச் சட்டத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி வலியைப் பற்றியது அல்ல.

"என்ன வேலை செய்கிறீர்கள், பிள்ளை? கை எங்கே இருக்கும்? கண் எங்கே பார்க்கும்?"

இதுவரை எந்த வைத்தியரும், எந்தக் கடைக்காரரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பேரேடு இடது பக்கம், பில் கட்டு வலது பக்கம், கணினி நேர் எதிரே; தொலைபேசி அடித்தால் திரும்பி எட்டி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எழுந்து போய்க் காட்டச் சொன்னார், காட்டினேன். "கடை மேசையின் உயரம் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே கடைப் பையனுக்கு அழைத்து அளக்கச் சொன்னேன்: 30 அங்குலம். "அப்படியானால் கதிரை மட்டும் செய்து பயனில்லை. மேசைக்குக் கதிரை, கதிரைக்குக் கால்பலகை. மூன்றும் சேர்ந்துதான் ஒரு சாமான்" என்றார்.

இருக்கையில் இருந்து முழங்கையை மடித்தால், இருக்கைப் பலகையிலிருந்து என் முழங்கை 9 அங்குல உயரத்தில் இருக்கிறது. ஆகவே 30 அங்குல மேசைக்கு இருக்கை 21 அங்குலத்தில் வர வேண்டும். என் முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிக்கால்வரை, செருப்போடு, பதினைந்தரை அங்குலம். மிச்சம் ஐந்தரை அங்குலத்துக்குக் கால்பலகை. இருக்கையின் முன்பின் அளவு 15 அங்குலம். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுவது கணக்கு. தம்முடைய வேலையை நினைத்துப் பார்ப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மேசைக்கு, எந்த உடம்புக்கு என்று அளக்கும் வழியைத்தான் சொல்கிறேன்.

சாய்வுக்கு அவர் செய்தது இன்னும் நுட்பமானது. ஒரு துவாயைச் சுருட்டி என் இடுப்புக்குப் பின்னால் வைத்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்தச் சொன்னார். எங்கே வைத்தபோது நான் தானாக மூச்சை விட்டேனோ அங்கே பென்சிலால் கோடு போட்டார். அந்த உயரத்தில்தான் இடுப்பைத் தாங்கும் வளைந்த சட்டம் வந்தது. சாய்வை நேர்க்கோணத்துக்கு விடாமல் சற்றுப் பின்னே சாய்த்தார். நிமிர்ந்து இருப்பதே நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வளர்ந்தவள் நான். சற்றுப் பின்சாய்ந்து இருந்தால் மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கைச் சாய்வு வாங்கிக்கொள்கிறது, இடுப்பு முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை என்பதை உடம்பே ஒப்புக்கொண்டது.

மரம் வேம்பு. நான் முதிரை கேட்டேன். பாரம் கூட, விலையும் கூட, உங்களால் இழுத்து நகர்த்த முடியாது என்று மறுத்துவிட்டார். காயாத வேம்பு கோணிவிடும் என்பதால் அறுத்து நெடுநாள் காயவிட்ட பலகையைத்தான் எடுத்தார். மூட்டுகளில் ஆணி இல்லை. துளையும் கழுந்துமாகப் பொருத்திப் பசை இட்டிருக்கிறார். இருக்கை பிரம்புப் பின்னல். யாழ்ப்பாண வெக்கையில் செயற்கைத் தோல் இருக்கையில் நெடுநேரம் இருந்தவர்களுக்குப் பிரம்பின் அருமை தெரியும். விலை: கதிரை 36,000 ரூபாய், கால்பலகை 4,500, சாய்வுப் பலகை 3,000. பாதியை முற்பணமாகக் கொடுக்க வேண்டும். கால்பலகையைப் புரட்டி வைத்தால் ஓர் அங்குலம் தாழும். ஒரே உயரத்தில் நாள் முழுவதும் கால் இருக்கக் கூடாது என்று அவராகவே அப்படிச் செய்திருந்தார்.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது இனிச் சொல்லப்போவதுதான். கதிரையை 22 அங்குலத்தில், மெருகு பூசாமல் கொடுத்து அனுப்பினார். வீட்டில் வைத்து வேலை செய்து பாருங்கள், பிறகு கதிரையின் காலை அறுக்கலாம், அறுத்த மரம் ஒட்டாது என்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் 30 அங்குலந்தான். முதலாளியிடம் கேட்டபோது பழைய இருப்புப் பேரேட்டையும் ஒரு மாதத்துப் பில்களையும் பையனிடம் கொடுத்து இணுவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஆக, வேலைக்குப் போகாமலே வேலையைச் செய்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பிசியோதெரபி உத்தியோகத்தர் இதற்கு ஒரு முறை சொல்லித் தந்தார். நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்று பார்க்கக் கூடாது. மோசமான நாளிலும் எவ்வளவு முடியும் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அது 20 நிமிடம். இருபது நிமிடம் எழுதுவது, மணி அடித்ததும் எழுந்து முற்றம்வரை நடப்பது, திரும்ப வருவது. நோகாவிட்டாலும் எழும்ப வேண்டும். நோக்காடு இருந்தாலும் அன்று குறித்த அளவை, தாங்கும் வரையில், செய்ய வேண்டும். பிறகு வாரத்துக்குச் சிறிதாக, பத்தில் ஒரு பங்கு அளவில் கூட்ட வேண்டும். நல்ல நாளில் ஆசையில் முழுவதையும் செய்து, அடுத்த சில நாட்கள் படுக்கையில் கிடந்து, எழுந்ததும் மறுபடி அதையே செய்கிற சுழலில்தான் என்னைப் போன்ற பலர் வேலையை இழக்கிறார்கள் என்று அவர் சொன்னார். சாய்மனைக் கதிரையில் நாள் முழுவதும் கிடப்பதும் முதுகைத் தேற்றாது. அசையாத முதுகு மேலும் விறைக்கிறது.

எதை வைத்து அளப்பது என்பதும் முக்கியம். இருக்கும்போது எவ்வளவு நோகிறது என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை எழுந்து குனிந்து முகம் கழுவ முடிகிறதா, அம்மாவுக்குத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுக்க முடிகிறதா என்பதையே கொப்பியில் எழுதினேன். முதல் நாள் செய்த வேலையின் விலை மறுநாள் காலைதான் தெரியும். கொப்பியைப் புரட்டியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மோசமான காலைகள் பேரேடு எழுதிய நாட்களைத் தொடர்ந்து வரவில்லை. முற்றம் கூட்டிய நாள், திருவலையில் குந்தித் தேங்காய் துருவிய நாள், வாளியில் உடுப்பு அலசிப் பிழிந்த நாள். இவற்றுக்கு அடுத்த காலைகளே மோசமாக இருந்தன. வேலைக்குப் போகாமல் ஓய்வில் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்த காலத்தில் என் இடுப்பு கடையில் செய்ததைவிடக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருந்தது. வீட்டில் இருக்கும் பெண் ஓய்வெடுக்கிறாள் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நான் உரத்துச் சொல்ல விரும்புகிறேன். வைத்தியர்களிடமும் சொல்ல விரும்புகிறேன்: 'வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள்' என்று எழுதுவதற்கு முன், வீட்டில் என்ன செய்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள். கொப்பியை அம்மாவுக்கும் அண்ணிக்கும் காட்டினேன். இப்போது முற்றம் அண்ணியின் மகன் கூட்டுகிறான். தேங்காய் துருவ மேசையில் பூட்டும் துருவலை வாங்கியிருக்கிறோம்.

கதிரையின் காலை அறுக்கக் கொண்டுபோனபோது ஐயா கொப்பியை வாங்கி முழுவதையும் வாசித்தார். 21 அங்குலத்துக்கு வெட்டினார். பிறகே மெருகு.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் பிந்தித்தான் கிடைத்தது. கைப்பிடிகள் மேசை விளிம்பில் இடித்ததால் கதிரையை உள்ளே இழுக்க முடியவில்லை. முழங்கை மேசை உயரத்தில் வர வேண்டும் என்று கணக்கிட்டவர், கைப்பிடியும் அதே உயரத்தில் வரும் என்பதை விட்டுவிட்டார். பணம் வாங்காமல் முன்பக்கத்தில் மூன்று அங்குலம் வெட்டிக் கொடுத்தார். ஆனாலும் அந்த இரண்டாம் பயணம் என் இடுப்புக்குச் சும்மா கிடைத்தது அல்ல. கதிரை சுழலாது. தொலைபேசிக்கு இடுப்பை முறுக்காமல் இருக்க, தொலைபேசியை மேசையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வேம்பாக இருந்தும் பாரம் அதிகம், தனியாக நகர்த்த என்னால் முடியாது. பிரம்புப் பின்னலுக்குள் மூட்டைப்பூச்சி சேராமல் அவ்வப்போது வெயிலில் வைக்க வேண்டும், அதற்கும் ஒருவர் துணை தேவை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழும்பாவிட்டால் இந்தக் கதிரையும் மற்றக் கதிரைகளைப் போலத்தான்.

கதிரை விடை சொல்லாத பகுதியும் இருந்தது. இணுவிலிலிருந்து நகரம் ஆறு கிலோமீற்றர்தான். காலை ஏழரைக்கு கே.கே.எஸ். வீதியில் வரும் மினிபஸ்ஸில் இருக்கை கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, திடீர் திடீரென்று போடும் பிரேக்குக்கு உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கடையில் இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிட அந்த அரை மணித்தியாலம் எனக்குக் கொடியது. அத்தோடு, நரம்பு வலிக்காக வைத்தியர் இரவில் குறைந்த அளவில் எழுதித் தந்திருக்கும் அமிட்ரிப்டிலின் குளிசை காலையில் ஒரு மந்தத்தை விட்டுச் செல்கிறது. எட்டு மணிக்கு எண்களைக் கூட்டினால் பிழைக்கும் என்று பயந்தேன். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பத்து மணிக்குப் போவது. பாடசாலைப் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் போய் முடிந்த பிறகு பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைக்கும், தலையும் தெளிந்திருக்கும்.

முதலாளியிடம் கொப்பியோடு போனேன். "சுகமாகிவிட்டதா?" என்று அவர் தொடங்க முன்பே சொன்னேன்: "இல்லை, ஐயா. சுகமாகும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு நேரம், இந்த நேரத்தில், இந்த வேலையை என்னால் பிழையில்லாமல் செய்ய முடியும். இதோ, நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கு." பேரேட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திங்கள், புதன், வெள்ளி, பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை என்று முடிவாயிற்று. மாதக் கடைசியில் வேலை கூடும் வாரத்தில் செவ்வாயும் வியாழனும் பேரேடு இணுவிலுக்கு வரும். மூன்று மாதங்களுக்குப் பிறகு இருவரும் இருந்து பேசி, கூட்டலாமா என்று பார்ப்பது. வலி கிளம்பும் நாட்களில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசினோம்: முழுவதுமாக வராமல் விடுவதில்லை, ஒரு மணித்தியாலம் வந்து பில்களை அடுக்கிவிட்டுப் போவது. பேசாமல் விட்டிருந்தால் முதல் மோசமான நாளிலேயே இருவர் மனமும் உடைந்திருக்கும்.

சம்பளம் பாதியிலும் குறைவு. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 சதவீதமும் முதலாளியின் பங்கு 12 சதவீதமும் அந்தக் குறைந்த சம்பளத்தின்மேல்தான் கணிக்கப்படும். பெண்கள் அந்தப் பணத்தை 50 வயதில் எடுக்கலாம். எனக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. கணக்கெழுதுபவள் என்பதால் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பஸ் காசு, மருந்து, வலி கூடிய நாளில் பிடிக்கும் ஓட்டோ எல்லாம் கழித்தாலும் கையில் நிற்கிறது. சிறிதுதான். அது என்னுடையது. வேறொருவருக்கு இதே கணக்கு வேறு விடையைத் தரலாம். நின்றபடியே பன்னிரண்டு மணித்தியாலம் புடைவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்திக்கு நேரத்தைக் குறைக்கும் முதலாளி வாய்க்காவிட்டால், வேலையை விடுவதே சரியான முடிவாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது.

முதுகுவலி என்றதும் கதிரைக்கு ஓடாமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நேரங்களும் உள்ளன. கால் வலுவிழந்து பாதம் தூக்க முடியாமல் போனால், இரு தொடைகளுக்கு நடுப்பகுதி மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் முதுகுவலி, விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவற்றையும் வைத்தியர் பார்க்க வேண்டும். ஐயாவும் இதில் கவனமானவர். எனக்கு முன் வந்த ஒருவர் கால் மரக்கிறது என்றதும், அளவெடுக்காமல் முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம்.

கதிரை இப்போது கடையில் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். வலி இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது. முதலாளியோடு பேசிய மூன்று மாதக் கெடு இன்னும் முடியவில்லை, ஆகையால் நேரத்தைக் கூட்டுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

பட்டறைக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறும் போயா (பௌர்ணமி) தினமும் பூட்டு. காலை பதினொரு மணிக்குள் போனால் அளவெடுக்க ஆறுதலாக நேரம் தருகிறார். நீங்கள் வேலை செய்யும் மேசையின் உயரத்தையும், மேசைக்குக் கீழே கால் நீட்ட இடம் இருக்கிறதா என்பதையும், கைப்பிடி கேட்டால் அது மேசைக்குக் கீழே நுழையுமா என்பதையும் பார்த்துக்கொண்டு போங்கள். வேலைக்குப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுச் செருப்போடு போனால் கால்பலகை அரை அங்குலம் பிசகிவிடும்.